பல் மருத்துவத்தில் மயக்க மருந்து அனுமதி

பல் சிகிச்சையின்போது ஆழ்மயக்கமோ முழு மயக்கமோ கொடுக்கப் பல் மருத்துவருக்குத் தனி அனுமதி வேண்டுமா என்பதற்கு இந்தியாவின் விடை 1948 மார்ச் மாதத்தில் எழுதப்பட்டது. அம்மாதம் 3ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 29ஆம் நாள் பல் மருத்துவர்கள் சட்டம் பிறந்தது. மன்னராட்சி முடிந்த கையோடு வந்த அந்தச் சட்டமே பின்னர் 1974இல் உருவான புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் பொருந்தியது.

பல், தாடை அறுவைக்காக எந்த மயக்க மருந்தைக் கொடுப்பதும் பல் மருத்துவமே என்று அச்சட்டம் வரையறுத்தது. ஈறில் போடும் மரப்பு ஊசியையும் நினைவிழக்கச் செய்யும் மருந்தையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. தனி அனுமதிச்சீட்டும் கேட்கவில்லை.

இந்தத் தாராளம் வியப்புக்குரியதல்ல. மயக்க மருந்தியலே பல் மருத்துவரின் நாற்காலியில் தொடங்கியது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹொரேஸ் வெல்ஸ் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து தன் பல்லையே பிடுங்கச் செய்தார். 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதரின் ஆற்றலை மருத்துவர்கள் முன் காட்டிய வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவரே.

ஆனால் ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆழ்மயக்கத்தில் மூச்சு குறையலாம், நாக்கு பின்சரிந்து தொண்டையை அடைக்கலாம். மூச்சு செல்லும் வாயில்தான் கருவியும் இரத்தமும் நீரும். பல்லைப் பிடுங்குபவரே மூச்சையும் கவனிப்பது நடக்கிற காரியமல்ல.

இதனால் பிரிட்டன், 2001 இறுதியோடு சாதாரணப் பல் மருத்துவமனைகளில் முழு மயக்கத்தை நிறுத்தி, பெரிய மருத்துவமனைகளுக்குள் கொண்டுசென்றது. கலிபோர்னியா வேறு வழியில் போனது. 2015இல் பல் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கப்பட்ட 6 வயதுச் சிறுவன் இறந்ததைத் தொடர்ந்து 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. 2022 முதல் அங்கே ஆழ்மயக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் புதிய அனுமதி முறை நடப்பில் உள்ளது. 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்க அதற்கு மேலும் ஒரு தகுதிச் சான்று தேவை.

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் பல் மருத்துவமனைகளையும் பதிவு செய்யச் சொல்கிறது. அது இடத்துக்கான பதிவு, மயக்கம் கொடுப்பவரின் தகுதிக்கான சீட்டு அல்ல. தாடை எலும்பு முறிவு போன்ற பெரிய அறுவைகளை மயக்கவியல் மருத்துவர் துணையுடன் அறுவை அரங்கில் செய்வதே வழக்கம். இந்த இடைவெளியை இதுவரை நிரப்பியிருப்பது சட்டத்தைவிட இந்த வழக்கமே எனலாம்.

புதுக்கோட்டையில் 2017இல் அரசு மருத்துவக் கல்லூரியும் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் தொடங்கின. 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 2023இல்தான்.