சமநிலத்தின் கதை: தானா ராத்தா ஏன் இன்னும் சிற்றூராக இருக்கின்றது?



கேமரன் மலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குளிரையும் தேநீரையும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களையும் பற்றியே எழுதுகின்றனர். நான் இங்கே எழுத விழைவது நிலத்தைப் பற்றி. வட்டார வரலாற்றைக் கற்பித்துக் கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, தானா ராத்தாவில் நடந்தே ஊரைச் சுற்றி வந்துவிடலாம். பிரிஞ்சாங் மட்டும் ஏன் கட்டடமாகவே இருக்கிறது?" இரண்டு ஊர்களும் ஒரே மலையில், ஒரே சாலையில் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பவை, குளிரும் மழையும் இரண்டுக்கும் பொது. ஆகவே, விடையை வானிலையில் தேடிப் பயனில்லை. நிலத்தை யார், எதற்காக, எத்தனை ஆண்டுகளுக்குப் பெற்றார்கள் என்பதில்தான் விடை இருக்கின்றது.

பெயரே சொல்லும் செய்தி

மலாய்மொழியில் 'தானா' என்றால் நிலம். 'ராத்தா' என்றால் சமமானது. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல், செங்குத்தான சரிவுகளுக்கு நடுவே கிடைத்த சமதரை என்பதால் அப்பெயர் அமைந்தது. கேமரன் மலை மாவட்டம் ஏறக்குறைய 71,000 ஹெக்டர் பரப்புடையது. அதன் மூன்று முக்கிம்களுள் உலு தெலோம் மட்டும் 63,000 ஹெக்டருக்கு மேல். தானா ராத்தா முக்கிமோ 2,100 ஹெக்டரைக்கூட எட்டவில்லை. அதிலும் வீடு கட்டத் தகுந்த சமதரை மிகக் குறைவு. மலை மாவட்டத்தில் நிலத்துக்குப் பஞ்சமில்லை, சமநிலத்துக்குத்தான் பஞ்சம். இவ்வூரின் வரலாறு முழுவதும் அந்தப் பஞ்சத்தின் வரலாறே எனலாம்.

வரைபடத்தில் இடம்பெறாத பீடபூமி

1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் குலோப் ரியாவ் என்பவரின் துணையுடன் இம்மலைப் பகுதிக்கு வந்தார். மலைகள் சூழ்ந்த, மென்சரிவுகள் கொண்ட பீடபூமி ஒன்றைக் கண்டதாக அவர் எழுதினார். ஆனால், அது இருந்த இடத்தை வரைபடத்தில் குறித்து வைக்கவில்லை. மறு ஆண்டே அவர் இறந்துபோனார். உடல்நலம் தேடுவோர்க்கான ஊராகவும் வேளாண் நிலமாகவும் அதை ஆக்கவேண்டும் என்று பேராவின் ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ லோ விரும்பினார். எனினும், 40 ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. செமாய் மக்கள் முதலிய பூர்வகுடியினர் அதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலைக் காடுகளில் வாழ்ந்து வந்தனர் என்பதை நம் பிள்ளைகளுக்கு மறவாமல் சொல்லவேண்டும். கேமரன் 'கண்டுபிடித்தார்' என்பது ஆங்கிலேயரின் ஏடுகளுக்குத்தான் பொருந்தும்.

1925-இல் சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் இங்கு வந்தார். இலங்கையின் நுவரெலியாவுடனும் பிலிப்பைன்சின் பாகியோவுடனும் ஒப்பிட்டு, மலைவாழிட நகருக்கு இவ்விடம் ஏற்றது என்று முடிவு செய்தார். தாப்பாவிலிருந்து மலைமேல் செல்லும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர்ச் சாலையின் பணி 1926-இல் தொடங்கி 1931-இல் நிறைவுற்றது.

அப்போது நகரத் திட்டம் என்ற துறையே நம் நாட்டுக்குப் புதிது. கூட்டு மலாய் மாநிலங்களின் நகரத் திட்ட அதிகாரியாக சார்ல்ஸ் ரீட் 1921-இல்தான் பொறுப்பேற்றிருந்தார். ஆகவே, கேமரன் மலை குடியேற்றம் நடந்த பிறகு சீர்செய்யப்பட்ட ஊரன்று. எந்த நிலம் எதற்கு என்று ஆராயப்பட்ட பிறகு மக்கள் வந்து சேர்ந்த ஊர். தானா ராத்தாவில் அரசு அலுவலகங்கள், வேளாண் ஆய்வு நிலையம், கடைத்தெரு, பள்ளிகள், ஊருக்கு வடக்கே குழிப்பந்துத் திடல், சரிவுகளில் தேயிலை, உச்சியில் காடு என்று ஒழுங்கு அமைந்தது. அக்குழிப்பந்துத் திடல் ஆங்கிலேயரின் பொழுதுபோக்குக்காக அமைக்கப்பட்டதுதான். ஆனால், தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இடையில் பசுமையாகக் கிடப்பது அதுவே. ஒரு காரணத்துக்காக ஒதுக்கப்பட்ட வெற்றிடம் பின்னாளில் வேறொரு நன்மையைத் தருவது நகர வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைப்பது.

தேயிலை வகுத்த எல்லை

1929-இல் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கைத் தேயிலைத் தொழிலில் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணையாக இருந்தார். 1933-இல் பாரத் குழுமத்தின் தேயிலைத் தோட்டமும் தோன்றியது. காடழித்து, சரிவுகளில் கன்று நட்டு, இலை பறித்த கைகளில் பெரும்பாலானவை தென்னிந்தியத் தமிழர் கைகள். அதே ஆண்டுகளில், உலகப் பொருளாதார வீழ்ச்சியால் சமவெளி இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கீழே இரப்பர் அவர்களைக் கைவிட்டுக் கொண்டிருந்தபோது, மேலே தேயிலை அவர்களைக் கேட்டது. 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. மலையில் அதற்குள் வேரூன்றியவர்களின் வழித்தோன்றல்களே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் பலர்.

தேயிலை ஒருமுறை நட்டால் பல பத்தாண்டுகள் நிற்கும் செடி. அதன் வேர் சரிவு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அடர்ந்த இலை மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கும். காட்டுக்கு ஈடாகாது என்பது உண்மை. காட்டை அழித்தே தேயிலை வந்தது என்பதும் உண்மை. ஆயினும், ஒவ்வொரு அறுவடைக்கும் மண்ணைக் கிளறவேண்டிய காய்கறிப் பாத்தியைவிடத் தேயிலைச் சரிவில் மண் அரிப்பு குறைவு. மேலும், தோட்ட நிறுவனங்கள் நெடுங்கால உரிமையில் நிலத்தை வைத்திருந்தன. பேரன் காலத்திலும் இந்நிலம் வேண்டும் என்று எண்ணுபவன் வடிகாலைச் செப்பனிடுவான். இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் பச்சைச் சரிவுகள், நீண்ட உரிமையும் நம் மூதாதையரின் உழைப்பும் சேர்ந்து எழுதிய எல்லைக்கோடுகள்.

டிசம்பரோடு முடியும் உரிமம்

இதற்கு நேர்மாறானது 'டி.ஓ.எல்.' என்று ஊரில் அனைவரும் சொல்லும் தற்காலிக நில உரிமம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி அவ்வுரிமம், அது தொடங்கிய ஆண்டின் இறுதியோடு முடிந்துவிடும். அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கவேண்டும். பிறருக்கு மாற்றித் தர இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிவுறும். கேமரன் மலையின் காய்கறி நிலங்களுள் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக இத்தகைய உரிமத்தில்தான் இருந்து வந்தது.

காய்கறி விவசாயிகளைக் குற்றவாளிகளாக்குவது என் நோக்கமன்று. நாட்டின் சந்தைகளுக்கு முட்டைக்கோசும் தக்காளியும் அனுப்புபவர்கள் அவர்கள். ஆனால், அடுத்த ஆண்டு இந்த நிலம் தன் கையில் இருக்குமா என்று அறியாதவனிடம், இருபதாண்டுப் பயன் தரும் கல்லணையைக் கட்டு என்று எப்படிக் கேட்பது? குறுகிய உரிமம் குறுகிய பார்வையை வளர்க்கிறது. உரிமமே இன்றிச் சரிவுகளை வெட்டியவர்களும் சேர்ந்துகொள்ள, மலை வழுக்கையாயிற்று. அண்மைக் காலத்தில் இவ்வுரிமங்களுக்குப் பதிலாகக் குத்தகை முறையைக் கொண்டுவர மாநில அரசு முனைந்தது, இந்த உண்மையை உணர்ந்ததன் அடையாளம் எனலாம்.

அரித்த மண் எங்கே போகும்? ஆற்றுக்கு. ஆறு எங்கே போகும்? 1960-களில் நீர்மின் திட்டத்துக்காக ரிங்லெட்டில் கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணைக்கு. நீரைத் தேக்கவேண்டிய அணை வண்டலைத் தேக்கத் தொடங்கியது. 2013 அக்டோபர் 23 அன்று பின்னிரவில், அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைப் பறித்தது. 2014 நவம்பர் 5 அன்று ரிங்லெட் பகுதியைச் சேற்று வெள்ளம் தாக்கியது, அப்போதும் உயிர்ச்சேதம். மேலே ஒருவர் வெட்டிய சரிவுக்குக் கீழே இன்னொருவர் விலை கொடுக்கிறார். நிலத் திட்டம் என்பது அழகுணர்ச்சி சார்ந்த செய்தி என்று எண்ணுவோர் இவ்விரண்டு நாள்களையும் நினைவில் கொள்ளவேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு ஊர்கள்

மெக்ஸ்வெல் ஒப்பிட்ட பாகியோவையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் டேனியல் பர்ன்ஹாம் 1905-இல் அந்நகருக்குத் திட்டம் வகுத்தபோது, 25,000 பேர் வாழும் ஊராகவே அதைக் கருதினார். 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தோர் 3 இலட்சத்து 66 ஆயிரத்துக்கும் அதிகம். பூங்காவும் ஏரியும் அங்கே இன்னும் உள்ளன. அவற்றைச் சுற்றியிருந்த மலைகள் வீடுகளாகிவிட்டன. கேமரன் மலை மாவட்டம் முழுவதிலும் வாழ்வோர் 40,000-ஐ ஒட்டிய அளவினரே. ஆகவே, பிந்திவிடவில்லை.

தமிழகத்தின் கொடைக்கானல் மற்றொரு பாடம். மலைப் பகுதிகளின் பாதுகாப்புக்காகத் தமிழக அரசு 1990-இல் தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. கட்டடங்களின் உயரத்துக்கும் வரம்புகள் இருந்தன. இருந்தும் 1990-களில் கொடைக்கானலில் தங்கும் விடுதி ஒன்று ஏழு தளங்களாக எழுந்தது. அதற்கு அரசாணை வழியாக விதிவிலக்கும் தரப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றபோது அந்த விதிவிலக்கு செல்லாது என்று தீர்ப்பானது. விதி இருந்தால் மட்டும் போதாது, விதிவிலக்கு கேட்பவரை எதிர்த்து வழக்காடும் குடிமக்களும் வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

சட்டம் நமக்கு அளித்திருக்கும் இடம்

நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம், அதாவது 172-ஆம் சட்டம், இதற்கு அடிப்படை. நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மாநிலத்துக்கு ஓர் அமைப்புத் திட்டமும், மாவட்டத்துக்கு 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' எனப்படும் உள்ளூர்த் திட்டமும் வகுக்கப்படுகின்றன. 1995-இல் மரங்களைக் காக்கும் விதிகள் சேர்ந்தன. 2001-இல் செய்யப்பட்ட திருத்தம் மேலும் ஒருபடி சென்றது. உணர்வு மிகுந்த சுற்றுச்சூழல் பகுதி எனத் திட்டத்தில் குறிக்கப்பட்ட இடங்களில், மலையுச்சியையோ சரிவையோ தொடும் மேம்பாடுகள் குறித்து ஊராட்சி மன்றம் தேசிய மன்றத்தின் ஆலோசனையைப் பெறவேண்டும் என்றது.

பெற்றோர்கள் அறியவேண்டிய பகுதி இனிமேல்தான். உள்ளூர்த் திட்டத்தின் வரைவு உருவானதும் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். குறைந்தது நான்கு வாரங்களுக்குள் எவரும் எழுத்து வழியாகத் தம் எதிர்ப்பையோ கருத்தையோ தெரிவிக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மலாய்மொழியில் ஒரு பக்கம் எழுதத் தெரிந்தால் போதும். அத்தகைய கண்காட்சிகளில் நில வணிகர்களும் விடுதி உரிமையாளர்களும் வரைபடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். நம்மவரைக் காண்பது அரிது. வராதவரின் வீடு வரைபடத்தில் வெறும் நிறமாகத்தான் இருக்கும்.

யாருக்காகச் சிற்றூர்?

இறுதியாக ஒன்று. சிற்றூரின் தன்மையைக் காப்பது என்றால் தாழ்ந்த கூரை, பழைய கடைத்தெரு, பைன் மரம் ஆகியவற்றைக் காப்பது என்று மட்டும் பொருள்கொண்டால் அது அரைகுறைப் பொருள். கட்டுப்பாடு மட்டும் இருந்து, உள்ளூர் மக்களுக்கான வீடு இல்லையென்றால், இருக்கும் சிறிதளவு சமநிலத்தின் விலை ஏறும். அதை வாங்குவோர் விடுமுறைக்கு மட்டும் வருவோராக இருப்பர். தானா ராத்தாவிலும் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. அவற்றில் விளக்கெரியும் சன்னல்களை வார நாள் மாலையில் எண்ணிப் பாருங்கள்.

தோட்டத்து லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றால் வீட்டுக்கும் விடை கொடுக்கவேண்டும். மூன்று தலைமுறையாகச் சரிவைக் காத்த குடும்பம், சமநிலத்தில் நான்கு சுவர் வாங்க இயலாமல் தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இறங்கிப் போகிறது. இன்று தேயிலை பறிப்போருள் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். குடும்பம் இறங்கும்போது பிள்ளையும் இறங்குகிறது. வகுப்பறையில் ஒரு நாற்காலி காலியாகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை குறைவதைப் பற்றி மேடைகளில் மொழிப்பற்றோடு பேசுகிறோம். அதன் வேர்களுள் ஒன்று நில வரைபடத்தில் இருக்கின்றது என்பதை நான் சொல்ல விரும்புகிறேன்.

எனவே, அடுத்த முறை உள்ளூர்த் திட்டத்தின் வரைவு வெளிவரும்போது பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மூன்று கேள்விகளுடன் செல்லட்டும். சரிவுகளில் இனி எது கூடாது? ஊர்களுக்கிடையே உள்ள பசுமை வெளிகள் தொடர்ந்து காக்கப்படுமா? தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள் விலை கொடுத்து வாங்கக்கூடிய வீடுகளுக்குச் சமநிலத்தில் எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கின்றது? முதலிரண்டு கேள்விகளை இயற்கை ஆர்வலர்கள் கேட்டுவிடுவார்கள். மூன்றாவதை நாம்தான் கேட்கவேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் மாவட்ட வரைபடத்தை விரித்து, காடு, தேயிலை, காய்கறி, ஊர் என நான்கு வண்ணம் தீட்டச் சொல்லலாம். தம் வீடு எந்த வண்ணத்தில் இருக்கின்றது என்று தேடும் பிள்ளை, வளர்ந்த பிறகு அந்த வண்ணத்தை மாற்ற வருபவரிடம் காரணம் கேட்கும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்