ஹைதராபாத்: கேட்டுக்குள் நடக்கும் முதியவர்கள் வெளியே நடக்கத் தயங்குவது ஏன்?

"தினமும் அரை மணி நேரம் நடங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். எங்கே போய் நடக்கிறது?" பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விதான் இது.

65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும், வாரத்தில் 3 நாட்களாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அதைச் செய்வதும் விடுவதும் சோம்பேறித்தனத்தை மட்டும் பொறுத்ததல்ல, தெருவையும் பொறுத்தது.

தெருவை எப்படி அளப்பது?

கடை எவ்வளவு தூரம், நடைபாதை உண்டா, போக்குவரத்து எப்படி, பயமில்லாமல் போகலாமா என்று குடியிருப்பவர்களிடமே கேட்கும் 'நியூஸ்' என்ற கேள்வித்தாள் அமெரிக்காவில் உருவானது. அதை நம் ஊருக்கு ஏற்ப மாற்றி, சென்னையில் சோதித்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது.

ஹைதராபாத்தில் என்ன சிக்கல்?

முதியோருக்கான குடியிருப்பு வளாகங்களில் சமமான பாதை, நிழல், உட்கார பெஞ்ச், பேச்சுத்துணை எல்லாம் கிடைக்கலாம். ஆனால் போய்ச்சேர ஓர் இடம் இருக்காது. பால் வாங்க, கோயிலுக்குப் போக என்று ஒரு காரணம் இருந்தால் கால் தானாக நடக்கும். வளாகத்தையே பத்து தடவை சுற்றுவது சீக்கிரமே அலுத்துவிடும்.

கேட்டைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். கடை இருக்கும், பாதை இருக்காது. இந்திய சாலைகள் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல்படி நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் அதிகபட்சம் 15 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். நடைமுறையில் நடுவே டிரான்ஸ்ஃபார்மர், அடுத்து பைக். ஜூபிலி ஹில்ஸ், பஞ்சாரா ஹில்ஸ் பக்கம் ஏற்ற இறக்கம் வேறு. மூட்டு வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். கே.பி.ஆர். பூங்காவைச் சுற்றி நடக்க காரில் வந்து இறங்குபவர்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை.

சாலையைக் கடப்பது?

சிக்னல் நேரத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கணக்கிடுவது வழக்கம். 15 மீட்டர் சாலைக்கு 12.5 விநாடி. விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு கிட்டத்தட்ட 19 விநாடி வேண்டும். பச்சை அணையும்போது அவர் நடுரோட்டில் நிற்பார். ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டவர் மறுநாள் ஆட்டோ பிடிப்பார், இல்லாவிட்டால் போகவே மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி பாதைகள் அமைய வேண்டும், ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தியது.