ஹாலி சிக்காவும் வி.பி.பி.யும்

லோத்குண்டாவில், ராஜீவ் ரஹதாரியை ஒட்டி, காலை பத்து மணிக்குமேல் பார்சல் வண்டிகள் வரிசையாக நிற்கும். "இன்டர்நெட் வந்தபிறகு தூரமே இல்லை சார்" என்று பலர் சொல்கிறார்கள். இந்த ஊரின் பழைய கதையைப் பார்த்தால் தூரம் எப்போதோ குறைந்துவிட்டது. செலவுதான் குறையவில்லை.

வாடியிலிருந்து சிகந்தராபாத்துக்கு ரயில் வந்தது 1874ல். மூன்று வருடம் கழித்து, 1877ல், பிரிட்டிஷ் இந்தியத் தபால்துறை வி.பி.பி.யைக் கொண்டுவந்தது. பார்சலைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் பணம் வாங்குவார். அது விற்றவருக்குப் போய்ச்சேரும். முகம் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் தபால் ஆபீஸ் ஜாமீன் நின்றது. 2010ல் பிளிப்கார்ட் கொண்டுவந்த 'கேஷ் ஆன் டெலிவரி'யும் இதேதான்.

ஆனால் நிஜாம் சமஸ்தானத்தில் வியாபாரம் செய்ய ரயிலும் தபாலும் மட்டும் போதாது. முதலில் நாணயம். நிஜாமின் ரூபாய் ஹாலி சிக்கா. பிரிட்டிஷ் ரூபாயைக் கல்தார் என்பார்கள். 100 கல்தாருக்கு 116 ரூபாய் 10 அணா 8 பை ஹாலி சிக்கா என்பது கணக்கு. மாற்றுகிற ஒவ்வொரு முறையும் சராபுக்குக் கொஞ்சம் போகும். அடுத்தது சுங்கம். 1802 உடன்படிக்கைப்படி 5 சதவீதம். மூன்றாவது தபால்தலை. சமஸ்தானத்தின் தபால்தலை எல்லைக்கு வெளியே செல்லாது.

இது எல்லோருக்கும் தொல்லை என்று தெரிந்தும் ஏன் இவ்வளவு காலம் நீடித்தது? பாங்க்கில் வேலை செய்பவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒருவருடைய செலவு இன்னொருவருடைய வருமானம். சராபுக்கு வட்டம், கஜானாவுக்குச் சுங்கம். சும்மா விட்டுக்கொடுங்கள் என்றால் யார் விடுவார்கள்?

வழி பிறந்தது 1950ல். மத்திய, சமஸ்தான நிதி ஒருங்கிணைப்பு ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்தது. அதற்கு அடிப்படை வி.டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான கமிட்டியின் சிபாரிசு. சமஸ்தானங்களின் உள்நாட்டுச் சுங்கம் போகவேண்டும். வருமானம் இழக்கும் அரசுகளுக்கு இடைக்காலத்தில் மத்திய அரசு ஈடு தரவேண்டும் என்பது அதன் சாரம். ஹைதராபாத்தின் சுங்கத்தை ஒரேநாளில் எடுக்கவில்லை, படிப்படியாக எடுத்தார்கள். ஹாலி சிக்காவும் அந்தப் பத்தாண்டிலேயே மறைந்தது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதும் இதே சூத்திரம்தான். மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சி என்று கணக்கிட்டு, ஐந்து வருடத்துக்கு இழப்பீடு தருவதாக ஒப்புக்கொண்டபிறகுதான் செக்போஸ்ட்கள் போயின. லாரிகள் எல்லையில் காத்துக்கிடந்த நேரம் மிச்சமானது.

உலக அளவிலும் இதையே யோசிக்கலாம். 2005ல் ஹாங்காங்கில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் 'வர்த்தகத்துக்கான உதவி' என்று ஒரு திட்டத்தை ஏற்றார்கள். 2017 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வர்த்தக எளிமைப்படுத்தல் ஒப்பந்தம், சில கடமைகளை ஏழைநாடுகள் உதவியும் திறனும் கிடைத்தபிறகு நிறைவேற்றினால் போதும் என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் உதவி என்றதும் கம்ப்யூட்டர், பயிற்சி வகுப்பு, இணையதளம் என்றுதான் பெரும்பாலும் பேச்சு போகிறது. சுங்க வருமானத்தை நம்பிப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்துகிற ஒரு சின்ன நாட்டிடம் தடையை எடு என்று சொன்னால், அந்த வருமானத்துக்கு மாற்று என்ன என்றும் சொல்லவேண்டும். அதற்குக் கொஞ்ச வருடம் பணமும் கொடுக்கவேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? பெரிய கம்பெனிக்கு ஏஜென்ட் இருப்பார், வக்கீல் இருப்பார்; தடை இருந்தாலும் சமாளிக்கும். பத்து சேலையை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் ஒரு பெண்மணி முதல் பார்சலின் பேப்பர் வேலையிலேயே கைவிட்டுவிடுவார். வெப்சைட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்குப் பிரயோஜனமில்லை.

உங்கள் ஊரில், உங்கள் நாட்டில் இது எப்படி இருக்கிறது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.