குட்டியானைக்கு ஏன் ஏ.சி. இல்லை? சிவப்பு நீலக் குமிழின் சரித்திரம்

தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி இறக்கும் லோடு வண்டிகளின் கேபினுக்குள் எப்போதாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஏ.சி. உள்ள வண்டி என்றால் டாஷ்போர்டில் பெரும்பாலும் மூன்று குமிழ்கள் இருக்கும். ஒன்று ஃபேன் வேகத்துக்கு. இன்னொன்று காற்று முகத்துக்கா, காலுக்கா, முன் கண்ணாடிக்கா என்று திருப்புவதற்கு. மூன்றாவது குமிழில் ஒரு பக்கம் நீலக்கோடு, மறுபக்கம் சிவப்புக்கோடு. ஏ.சி. இல்லாத வண்டியில்? டிரைவர் தன் காசில் வாங்கி மாட்டிய குட்டி ஃபேன் இருந்தால் உண்டு. இந்த இரண்டு வண்டிகளும் ஒரே ரோட்டில், ஒரே வெயிலில்தான் ஓடுகின்றன. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

குமிழ் என்னதான் செய்கிறது?

நீலப்பக்கம் திருப்பினால் ஏ.சி. அதிகமாக வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்படி இல்லை! கையால் திருகும் இந்தக் குமிழுக்கு எத்தனை டிகிரி என்பதே தெரியாது. அதற்குப் பின்னால் இருப்பது ஒரு கம்பி கேபிள், சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி. அந்தக் கேபிள் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கதவை அசைக்கிறது.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், எஞ்சின் சூடேறியபின் 80, 90 டிகிரி வரை இருக்கும். அதில் ஒரு பகுதி டாஷ்போர்டுக்குள் உள்ள குட்டி ரேடியேட்டர் வழியாகச் சுற்றி வரும். இதுதான் ஹீட்டர். ஃபேன் ஊதும் காற்று முதலில் ஏ.சி.யின் கூலிங் காயிலைக் கடந்து வருகிறது. அதன்பின் எவ்வளவு காற்று ஹீட்டர் வழியாகப் போக வேண்டும், எவ்வளவு அதைத் தொடாமல் வர வேண்டும் என்பதை அந்தக் கதவு முடிவு செய்கிறது. குளிக்கும்போது வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் விளாவுகிறோமே, அதே கணக்கு. சில பழைய வண்டிகளில் கதவுக்குப் பதிலாக வெந்நீர்க் குழாயில் ஒரு வால்வு இருக்கும்.

ஆக, தெர்மாமீட்டர் வேலையைப் பார்ப்பது டிரைவரின் உடம்புதான். வியர்த்தால் நீலம், நடுங்கினால் சிவப்பு.

குளிர்நாட்டுப் பிள்ளை

சிவப்புக்கோடு ஏன் வந்தது? கார்கள் வளர்ந்த நாடுகளில் முதல் பிரச்சினை குளிர். அமெரிக்காவின் நேஷ் கம்பெனி 1938ல் வெளிக்காற்றை இழுத்துச் சூடாக்கி உள்ளே அனுப்பும் 'வெதர் ஐ' ஹீட்டரைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அதில் தெர்மோஸ்டாட் சேர்ந்தது.

குளிரூட்டும் கார் அதற்குப் பிறகுதான். பேக்கார்டு கம்பெனி 1939ல் அதைக் காட்சிக்கு வைத்தது. பின்பக்க டிக்கியில் பெரும்பகுதியை ஏ.சி. இயந்திரமே அடைத்துக்கொண்டது. தமாஷ் என்னவென்றால், கம்ப்ரசரை நிறுத்த டாஷ்போர்டில் ஸ்விட்ச் கிடையாது. வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1954ல்தான் நேஷ் கம்பெனி ஹீட்டரையும் ஏ.சி.யையும் வண்டியின் முன்பக்கத்தில் ஒன்றாகச் சேர்த்தது. 1964ல் கெடிலாக் கார் டிகிரியைத் தானே பார்த்துக்கொள்ளும் வசதியோடு வந்தது. ஆனாலும் லோடு வண்டிகளில் கேபிளும் குமிழும் போகவில்லை. விலை குறைவு, கெட்டால் சரிசெய்வதும் சுலபம்.

பெருங்களத்தூரில் தயாரான வண்டிகள்

தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1948ல் தொடங்கிய இந்த நிறுவனம் பிரிட்டிஷ் மாடல்களை இங்கே தயாரித்தது. ஹெரால்டு காரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டாண்டர்ட் 20 என்ற வேன், பிக்கப் வகையும் அங்கிருந்துதான் வந்தது. பிரிட்டனின் அட்லஸ் வேன் வழி வந்த வண்டி அது. எஞ்சின் முன் சீட்டுகளுக்கு நடுவில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். லண்டன் குளிருக்கு அது சுகமாக இருந்திருக்கும். சித்திரை மாதத்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு?

அந்தக் காலத்து லோடு வண்டிகளில் ஜன்னல் கண்ணாடிதான் வெப்பநிலைக் கட்டுப்பாடு. அன்றைய லாரிகள் பலவும் சேஸியாகத்தான் விற்பனைக்கு வந்தன. கேபினை மரத்திலும் தகரத்திலும் பாடி கட்டும் பட்டறைகள் செய்தன. இடுக்குகள் நிறைந்த அப்படிப்பட்ட கேபினில் ஏ.சி. வைத்தாலும் குளிர் தங்காது. ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் உற்பத்தி 1980களின் கடைசியில் நின்றுபோனது.

அதே சாலையில் மறைமலை நகரில் 1990களில் ஃபோர்டு தொழிற்சாலை வந்தது. 2022ல் அங்கும் கார் உற்பத்தி நின்றது. அங்கே தயாரான எண்டெவர், ஃபோர்டின் ரேஞ்சர் பிக்கப்பை அடிப்படையாகக் கொண்டது. பிக்கப்பின் உடம்பில் ஏ.சி. கேபின் வைப்பதில் எந்தக் கஷ்டமும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. காசு கொடுப்பவர் உள்ளே உட்கார்ந்தால் வசதி வந்துவிடுகிறது!

குட்டியானையும் தோஸ்தும்

2005ல் டாடா ஏஸ் வந்தது. நம் ஊரில் அதன் பெயர் குட்டியானை. 702 சிசி டீசல் எஞ்சின், 16 குதிரைசக்தி. ஏ.சி. கம்ப்ரசர் இரண்டு மூன்று குதிரைசக்தியையாவது விழுங்கும். அது போனால் லோடை இழுக்க மிச்சம் என்ன இருக்கும்? எனவே ஏ.சி. இல்லாததற்கு அங்கே நியாயமான காரணம் இருந்தது.

2011ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. சுமார் 55 குதிரைசக்தி. இதில் ஏ.சி. வந்தது, ஆனால் விலை அதிகமான உயர் வகையில் மட்டும். அதாவது எஞ்சின் சம்மதித்துவிட்டது, இனி முதலாளி சம்மதிக்க வேண்டும். வண்டி வாங்குபவர் ஒருவர், அதில் வேகுபவர் இன்னொருவர் என்றால் மலிவான வகைதான் ஜெயிக்கும்.

சட்டம் எங்கே கோடு போட்டது?

2023ல் மத்திய அரசு லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று அறிவிக்கை வெளியிட்டது. 2025 முதல் தயாராகும் வண்டிகளுக்கு இது பொருந்தும். நல்ல விஷயம்தான். ஆனால் இது என்2, என்3 வகைகளுக்கு மட்டும், அதாவது மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டிய வண்டிகளுக்கு. குட்டியானையும் தோஸ்தும் அதற்குக் கீழே உள்ள என்1. அவர்களுக்குக் கட்டாயம் இல்லை.

2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. வெயில் வண்டியின் எடையைப் பார்த்து அடிப்பதில்லை. லாரியாவது ஹைவேயில் ஓடினால் காற்று வரும். பிக்கப் டிரைவர் தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று நெரிசலுக்குள்ளேயே நாளெல்லாம் சுற்றுகிறார். ஜன்னலைத் திறந்தால் புகையும் தூசும், மூடினால் அனல். ஏ.சி. வைத்தால் விலையும் டீசல் செலவும் ஏறும் என்பது உண்மைதான். அதே கணக்கு லாரிக்கும் இருந்தது, இருந்தும் சட்டம் வந்ததே!

கடைசியாக, குமிழ் இருக்கும் வண்டியை ஓட்டுபவர்களுக்கு இரண்டு விஷயம். மழைக்காலத்தில் முன் கண்ணாடியின் உட்பக்கம் பனி படர்ந்தால் ஏ.சி.யைப் போட்டு, குமிழைக் கொஞ்சம் சிவப்புப் பக்கம் திருப்பி, காற்றைக் கண்ணாடிக்கு விடுங்கள். ஏ.சி. ஈரத்தை எடுக்கும், சூடு கண்ணாடியைத் துடைத்துவிடும். நெரிசலில் எஞ்சின் சூடு முள் மேலே ஏறினால் ஏ.சி.யை அணைத்துவிட்டு, முழுச் சிவப்பும் முழு ஃபேனும் வைத்து ஓரமாக நிறுத்த இடம் தேடுங்கள். ஹீட்டர் எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். கேபின் வேகும், எஞ்சின் பிழைக்கும். ஏ.சி. இல்லாத பிக்கப்பின் டிரைவர் இப்படி எஞ்சின் சூட்டோடு சேர்ந்துதான் தினமும் வேலை பார்க்கிறார். அடுத்த அறிவிக்கையில் அந்த 3.5 டன் கோடு கொஞ்சம் கீழே இறங்கட்டும்.