இறங்கித் தள்ளு: சைக்கிள் தடத்தின் அரசியல் பற்றிச் சில குறிப்புகள்

சைக்கிளுக்குத் தனித்தடம் வேண்டும் என்பது இன்று யாருக்கும் உறுத்தாத கோரிக்கை ஆகிவிட்டது. சுற்றுச்சூழல்காரர்கள் கேட்கிறார்கள், ஸ்மார்ட் சிட்டி அதிகாரிகள் கேட்கிறார்கள், இதய டாக்டர்களும் கேட்கிறார்கள். இத்தனை பேர் ஒரே குரலில் பேசினாலே நமக்குக் கொஞ்சம் சந்தேகம் வரவேண்டும். தடம் யாருக்கு, எங்கிருந்து எங்கே என்று கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும். இதுவரை சைக்கிள்காரனை இறங்கச் சொன்னவர்கள் யார் யார்?

சாலை பொதுவானது தானாக நடந்த காரியமல்ல. பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் எதிலும் எந்தச் சாதிக்காரரையும் தடுக்கக் கூடாது என்று 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. ஊர்த்தெரு ஊர்க்காரர்கள் கையில் இருந்தது. பிறகு சைக்கிள் வந்தது. தென்மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் தலித்துகள் ஊர்த்தெரு முனையில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அந்தத் தெருவைக் கடக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். செருப்புக் கையில், துண்டு இடுப்பில், சைக்கிள் பக்கத்தில். இரட்டை டம்ளரைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசவில்லை. சாதிக்குச் சைக்கிள் என்ற இயந்திரத்தின் மேல் கோபமில்லை. சீட்டில் ஏறி உட்கார்ந்தவன் திண்ணையில் இருப்பவனைவிட உயரமாகிவிடுகிறான். கை இரண்டும் ஹேண்டில்பாரில் இருந்தால் கும்பிட முடியாது. நின்று பதில் சொல்லுவதற்குள் போயும்விடுவான். உடலின் உயரமும் வேகமும் கலைத்துப்போடும் ஒழுங்கு அது. அதனால்தான் 'எறங்குடா' என்ற சொல் வந்தது.

டவுனில் இந்த வேலையை வேறு ஆட்கள் பார்த்தார்கள். நகராட்சிக்கு வரி கட்டித் தகர வில்லை வாங்கிச் சைக்கிளில் மாட்ட வேண்டும். இருட்டினால் விளக்கு வேண்டும். டபுள்ஸ் போகக் கூடாது. மாட்டினால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார்; அப்புறம் வீடுவரை தள்ள வேண்டியதுதான். ரோட்டுக்கு வரி கட்டியவனுக்கு ரோட்டில் ஓர் ஓரம்கூட ஒதுக்கப்படவில்லை.

இந்த வரலாற்றில் பெரிய உடைப்பு ஒன்று திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, புதுக்கோட்டையில் நடந்தது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் ஊர்வலம் போனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றதாக பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கல் குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் அதில் இருந்தார்கள். அவர் கவனித்த ஒரு சின்ன விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெண்கள் பலர் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளைவிடக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள், கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று. கம்பெனி பெண்ணுடலுக்கென்று யோசித்துச் செய்த வடிவத்தைத் தம் வேலைக்கு ஆகாதென்று அவர்கள் ஒதுக்கியது, மேடையில் பேசப்பட்ட பெண்ணியத்தைவிடக் கறாரானது. கேலியும் ஆபாசப் பேச்சும் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர்களுக்குத் தனித்தடம் எதுவுமில்லை. கூட்டமாகப் போனதனாலேயே சாலை அவர்களுடையதாயிற்று.

அரசும் இதைப் புரிந்துகொண்டது, பாதியளவுக்கு. 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் எல்லாருக்குமாக விரிந்தது. நல்ல திட்டம், இதை இலவசம் என்று நக்கலடிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. சிக்கல் என்னவென்றால், ஒரு கை சைக்கிளை நீட்டிய அதே ஆண்டுகளில் இன்னொரு கை நான்குவழிச் சாலையை விரித்துக்கொண்டிருந்தது.

திண்டுக்கல் வழியாகப் போகும் பழைய 7ஆம் எண் நெடுஞ்சாலை, இப்போது 44, அப்படி விரிந்ததுதான். நடுவில் தடுப்புச்சுவர் வந்தது. எதிர்ச்சாரியிலிருக்கும் வயலுக்கோ பள்ளிக்கோ போக, சுவர் எங்கே திறக்கிறதோ அதுவரை மிதித்துப்போய்த் திரும்பிவர வேண்டும். காருக்கு அது சில நிமிஷம். சைக்கிளுக்கு அது கால் வலி. அதனால் ஆட்கள் ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார்கள். அடிபட்டால் 'ராங் சைடு' என்று எழுதப்படும். தவறு செய்பவனாக அவனைக் கட்டமைத்தது அந்தச் சுவர்தான்.

டவுனுக்குள் நாகல்நகர் மேம்பாலத்தைப் பாருங்கள். ரயில்வே கேட் ஒருவகைச் சமத்துவம். மூடினால் அம்பாசிடரும் நிற்கும், மாட்டுவண்டியும் நிற்கும். மேம்பாலம் அந்தக் காத்திருப்பை ஒழித்தது, என்ஜின் உள்ளவனுக்கு. பின்னால் கேரியரில் மூட்டை கட்டியவன் சரிவின் பாதியிலேயே இறங்கிவிடுகிறான். பேகம்பூர்த் தோல் ஷாப் தொழிலாளி, பூட்டுப் பட்டறைக்காரர், கீரைக்காரம்மா என்று நான் பார்த்தவர்கள் எல்லாம் பஸ் உரசிப்போக ஓரத்தில் தள்ளிக்கொண்டு போகிறவர்களே. ஊர்த்தெருவில் சாதி சொன்ன அதே சொல்லை இங்கே சிமெண்ட் சொல்கிறது. திட்டமிட்ட இழிவு இதுவல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரைபடம் போட்டவரின் மனசில் இந்த உடல்கள் இல்லவே இல்லை.

அப்படியானால் தனித்தடம் கேட்டுவிடலாமா? இங்கே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 1934 டிசம்பரில் லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூ ஓரமாக பிரிட்டனின் முதல் சைக்கிள் பாதை திறக்கப்பட்டபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் சைக்கிள் சங்கத்தார். ஓரப்பாதை கிடைத்தால் சாலையின் மேலுள்ள உரிமை போய்விடும் என்பது அவர்கள் வாதம். வீண் பயமில்லை. அதே 1934இல் நாஜி ஜெர்மனி, பாதை இருக்கும் இடத்தில் சைக்கிள்கள் அதில்தான் போக வேண்டும் என்று சட்டமே போட்டது. காருக்கு வழிவிடு என்பதுதான் அதன் சாரம். நம் நாட்டில் பாதை தராமலே விரட்டினார்கள்: 2013இல் கொல்கத்தாவில் 174 சாலைகளில் சைக்கிள் தடை செய்யப்பட்டது. டெல்லியில் 2008இல் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனிப் பாதை ஒதுக்கிய 5.8 கிலோமீட்டர் தடத்தை எதிர்த்துக் கார்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். செல்வத்தை உருவாக்குகிறவர்கள் நெரிசலில் நிற்கலாமா என்பது வாதம். 2012இல் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2016இல் தடம் இடிக்கப்பட்டது.

நெதர்லாந்தை எல்லாரும் காட்டுகிறார்கள், அங்கே தடம் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. 1971இல் அங்கே சாலையில் செத்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். நானூறுக்கும் அதிகமானோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெற்றோர் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். போராட்டம் பெற்ற தடம் அது. கோபன்ஹேகனில் 2014இல் திறந்த 'சைக்கிள் பாம்பு' பாலமும் நமக்குச் சொல்ல ஒன்று வைத்திருக்கிறது. அதற்கு முன் அந்தத் துறைமுகக் கரையில் சைக்கிள்காரர்கள் இறங்கி, படிக்கட்டில் சைக்கிளைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. இறங்க வேண்டாம் என்பதற்காகவே சுமார் இருநூறு மீட்டருக்குப் பாலம் கட்டினார்கள்.

இங்கே சென்னை மாநகராட்சி 2014இலேயே போக்குவரத்துப் பணத்தில் அறுபது சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகக் கொள்கை வகுத்தது. கொள்கை அழகானது. ஆனால் நம் நகரங்களில் கண்ணுக்குத் தெரிகிற தடம் பெரும்பாலும் ஏரிக்கரையைச் சுற்றுகிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் தடம் அது. வேலைக்குப் போகிறவனுக்கு வட்டம் எதற்கு? ஐதராபாத் வெளிவட்டச் சாலையோரம் 2023இல் சோலார் கூரை போட்டு 23 கிலோமீட்டர் தடம் திறந்தார்கள். வெயில் படாத உடற்பயிற்சி. சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஞாயிற்றுக்கிழமை கியர் சைக்கிளில் ஏறும் இளைஞர்களை நான் குறை சொல்லவில்லை, ஆசையாகவே பார்க்கிறேன். சைக்கிள் கொள்கை அவர்களை மட்டும் பார்த்து எழுதப்படுவதுதான் பிரச்சினை.

2011 கணக்கெடுப்பு, விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலைக்குப் போவோரில் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போவதாகச் சொன்னது. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளைவிட அது சற்று அதிகம். காரில் போனவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. திண்டுக்கல்லில் தடம் போடுவதானால் சின்னாளபட்டியிலிருந்து டவுனுக்கு வரும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் தொடங்கட்டும், பேகம்பூரிலிருந்து தொடங்கட்டும். தடுப்புச்சுவர் எங்கே திறக்க வேண்டும் என்று தினமும் மிதிக்கிறவர்களிடம் கேட்கட்டும். பாலத்தின் சரிவை மூட்டை ஏற்றிய சைக்கிளை வைத்து அளக்கட்டும், மிதிப்பவன் இறங்காமல் மேலே போய்ச் சேருகிறானா என்று.