நெருப்பு நரியும் பனிக்கீரியும்

டெபியன் லினக்ஸில் சுமார் பத்து வருடம் பயர்பாக்ஸ் என்ற பெயரே கிடையாது, தெரியுமா? 2006ம் வருடக் கடைசியிலிருந்து 2016 வரை டெபியன் நிறுவியவர்கள் திரையில் பார்த்த உலாவியின் பெயர் ஐஸ்வீசல். உள்ளே இருந்தது அதே பயர்பாக்ஸ்தான். பெயரும் படமும் மட்டும் வேறு. (வீசல் என்பது கீரி சாயலில் இருக்கும் ஒரு சின்னப் பிராணி. நெருப்புக்குப் பதில் பனி, நரிக்குப் பதில் வீசல். நாம் பனிக்கீரி என்று வைத்துக்கொள்வோம் :-) )

இதை லோகோ சண்டை என்றுதான் பலரும் சொல்வார்கள். லோகோவும் ஒரு காரணம்தான். ஆனால் சண்டையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. உலாவியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தால், அதை அடைத்து, சோதித்து, மக்களுக்குக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது? எழுதியவருடையதா, விநியோகிப்பவருடையதா? இதுதான் கேள்வி.

மாறாமல் இருப்பதே நிலைத்தன்மை

டெபியன் 1993ல் இயான் மர்டாக் தொடங்கியது. நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். அவர்களுடைய 'ஸ்டேபிள்' வெளியீட்டுக்கு ஒரு கறாரான விதி உண்டு. வெளியிட்ட பிறகு எந்த மென்பொருளின் பதிப்பும் மாறக்கூடாது. புதுப் பதிப்பு என்றால் புது வசதி வரும், கூடவே புதுப் பிழையும் வரும். சர்வரை நம்பி வேலை செய்பவர்களுக்கு அது ஒத்துவராது.

அப்படியானால் பாதுகாப்பு ஓட்டைக்கு என்ன வழி? புதுப் பதிப்பிலிருந்து ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுவார்கள். இதற்கு பேக்போர்ட் என்று பெயர். சின்ன நிரல் என்றால் பிரச்சினை இல்லை. லட்சக்கணக்கான வரிகள் உள்ள உலாவியில், பழைய மாடல் வண்டிக்குப் புது மாடலின் ஸ்பேர் பார்ட்டை ராவி ராவி மாட்டுவது மாதிரியான வேலை அது. மாட்டிவிடலாம். ஓடுமா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அவசரம் வேறு. மொசில்லா ஒரு திருத்தத்தை வெளியிட்ட நிமிடமே அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், தாக்க நினைப்பவரும்தான். எது மாறியிருக்கிறது என்று பார்த்தால் ஓட்டை எங்கே என்று ஊகிக்க முடியும். அப்போது டெபியன் ஆதரித்தது 11 வகை கணினிக் கட்டமைப்புகள். திருத்திய உலாவியை அத்தனைக்கும் தொகுத்து, சோதித்து, கையொப்பமிட்டு, அறிவிப்பும் வெளியிட வேண்டும்.

2005ல் நடந்தது

டெபியன் 3.1 (சார்ஜ்) 2005 ஜூன் 6 அன்று பயர்பாக்ஸ் 1.0.4 உடன் வெளிவந்தது. அடுத்த மாதமே மொசில்லா பல ஓட்டைகளை அடைத்து 1.0.5 வெளியிட்டது. அதில் சில நீட்சிகள் வேலை செய்யாமல் போகவே, ஒரே வாரத்தில் 1.0.6. எழுதியவர்களுக்கே அந்த நிலைமை!

டெபியன் பாதுகாப்புக் குழு வழக்கம்போலத் திருத்தங்களைப் பெயர்த்து 1.0.4ல் ஒட்டி வெளியிட்டது. பலருக்கு உலாவி சரியாக ஓடவில்லை. பிறகு வந்த இரண்டாவது அறிவிப்பில், வழக்கமான பேக்போர்ட் முறை இங்கே எடுபடவில்லை என்று குழு வெளிப்படையாகவே சொன்னது. கொடுத்த தீர்வுதான் வேடிக்கை. அது உண்மையில் 1.0.6 தான், பதிப்பு எண் மட்டும் 1.0.4! விதியின் எழுத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், விதியை அல்ல.

இதோடு முடியவில்லை. 2006 ஏப்ரலில் 1.0.8 வெளியிட்டு, 1.0 வரிசைக்கான ஆதரவை மொசில்லா நிறுத்திவிட்டது. டெபியனோ சார்ஜுக்கு 2008 மார்ச் வரை பாதுகாப்புத் திருத்தம் தந்தது. அதில் 2007 ஜூலை வரை, எழுதியவர்களே கைவிட்ட உலாவிக்கும் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள் தன்னார்வலர்கள்.

பெயர் போன கதை

2006 பிப்ரவரியில் மொசில்லா தரப்பு டெபியனிடம் கணக்குக் கேட்டது. பயர்பாக்ஸ் என்ற பெயர் வேண்டுமானால் எங்கள் லோகோவையும் சேர்த்துப் போட வேண்டும், நீங்கள் செய்யும் மாற்றங்களுக்கு எங்கள் ஒப்புதல் வேண்டும் என்றது. லோகோவின் உரிமம் கட்டற்ற மென்பொருள் விதிக்குப் பொருந்தாததால் டெபியன் அதைச் சேர்க்க மறுத்தது. ஒவ்வொரு பாதுகாப்பு பேட்சுக்கும் வெளியாரிடம் ஒப்புதல் வாங்குவதும் அவர்களுக்கு ஏற்கவில்லை. நள்ளிரவில் ஓட்டை தெரிந்தால் ஒப்புதலுக்குக் காத்திருக்க முடியுமா? ஐஸ்வீசல் பிறந்தது இப்படித்தான். உபுண்டு நிபந்தனைகளை ஏற்றுப் பெயரை வைத்துக்கொண்டது.

மொசில்லாவின் பயம் வீணானது என்று சொல்ல முடியாது. 2006ல் டெபியன் தன் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில், ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நீக்க சில வரிகளை மாற்றியது. அதனால் இரகசியச் சாவிகள் எளிதில் ஊகிக்கக் கூடியவையாகிவிட்டன. வெளியே தெரிந்தது 2008 மே மாதம். உலகம் முழுக்க சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. அடுத்தவர் எழுதிய நிரலில் நல்லெண்ணத்தோடு கை வைத்தாலும் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பெயரை மாற்றியதால் டெபியனுக்குச் சுதந்திரம் கிடைத்தது. சுமை குறையவில்லை. டெபியன் 4.0 (எட்ச்) 2007 ஏப்ரலில் ஐஸ்வீசல் 2.0 உடன் வந்தது. 2008 டிசம்பரில் மொசில்லா 2.0 வரிசையை நிறுத்தியதும் டெபியனாலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எட்சின் ஆதரவுக் காலம் 2010 பிப்ரவரி வரை இருந்தும், மொசில்லா மென்பொருள்களுக்கான பாதுகாப்பு ஆதரவை முன்னதாகவே நிறுத்தினார்கள். மற்ற பொதிகளுக்குத் திருத்தம் வந்துகொண்டிருக்கும், உலாவிக்கு மட்டும் வராது. அறிவிப்பைப் படிக்காதவருக்கு அது தெரியவும் தெரியாது. வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டுவது அதே உலாவியில்தான்!

இருவரும் இறங்கி வந்தார்கள்

2011ல் மொசில்லா ஆறு வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு என்று வேகம் எடுத்தது. அலுவலகங்களும் கல்வி நிறுவனங்களும் எங்களால் ஈடுகொடுக்க முடியாது என்றன. அதனால் 2012 ஜனவரியில் பயர்பாக்ஸ் 10 உடன் ஈஎஸ்ஆர் வந்தது. சுமார் ஒரு வருடத்துக்கு வசதிகள் மாறாது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். அதைச் செய்வதும் சோதிப்பதும் மொசில்லாவே.

2013 ஜூனில் டெபியன் தன் விதியைத் தளர்த்தியது. ஐஸ்வீசலுக்கு இனி பேக்போர்ட் கிடையாது, ஈஎஸ்ஆர் பதிப்புகளையே ஸ்டேபிளில் கொடுப்போம் என்று அறிவித்தது. சண்டை உண்மையில் முடிந்தது அன்றுதான். லோகோவின் உரிமமும் சரியாகி, டெபியனின் மாற்றங்கள் தரத்தைக் கெடுக்கவில்லை என்று மொசில்லா தரப்பும் ஒப்புக்கொண்டது. 2016ல் பயர்பாக்ஸ் என்ற பெயர் திரும்பி வந்தது.

இந்த வழியிலும் செலவு உண்டு. புது உலாவியைத் தொகுக்கப் புதுக் கருவிகள் தேவை. டெபியன் 7ன் (வீசி) பழைய தொகுப்பிகளில் குரோமியத்தைத் தொகுக்க முடியாமல் போகவே, 2015 ஜனவரியில் அதற்கான ஆதரவையே நிறுத்தினார்கள். 2018ல் பயர்பாக்ஸ் 60 ஈஎஸ்ஆர் வந்தபோது, அதற்காகப் புது ரஸ்ட் தொகுப்பியையும் ஸ்டேபிளுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. மாறக்கூடாத வெளியீட்டில் ஒன்று மாற, இன்னொன்றும் மாறுகிறது.

என் கருத்து இதுதான். இந்த விஷயத்தில் மொசில்லாவும் சரி, டெபியனும் சரி, யாரும் வில்லன் இல்லை. ஒருவர் தன் பெயருக்குப் பயந்தார், இன்னொருவர் தன் பயனருக்குப் பயந்தார். ஆனால் உலாவியைப் பொறுத்தவரை, மாறாமல் இருப்பதும் பத்திரமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை ஏற்றுக்கொள்ள டெபியனுக்கு 2005லிருந்து 2013 வரை எட்டு வருடம் ஆனது. அந்த எட்டு வருடமும் ஒட்டுப் போட்டுக் காப்பாற்றிய தன்னார்வலர்கள் பெயர் நம்மில் யாருக்கும் தெரியாது. டெபியன் வைத்திருக்கும் நண்பர்கள் உலாவியின் பதிப்பு எண்ணைத் திறந்து பாருங்கள், பக்கத்தில் ஈஎஸ்ஆர் என்று இருக்கும்.