மறைந்த வீதிகளும் சென்ன மல்லீசர் திருக்கோயிலும்

திருக்கோயிலை நடுவணாகக் கொண்டு வீதி வகுத்தல் தமிழ்நாட்டு ஊரமைப்பின் தொன்முறையாகும். ஆகலின் வீதி அழியுங்கால் இறைவன் உலாப்போந்த வழியும் உடனழிகின்றது. இங்ஙனம் அழிந்தொழிந்த வீதிகள் சென்னை மாநகரில் உயர்நீதிமன்றம் நிற்கும் நிலத்தில் இருந்தன என்பதைப் பலர் அறியார்.

1639ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார் இடம்பெற்றுக் கோட்டை கட்டிய பின்னர், அதன் வடமதிலை ஒட்டி நெசவாளரும் சாயந்தோய்ப்பாரும் வணிகரும் குடியேறினர். அக்குடியிருப்பே சென்னபட்டணம். வெள்ளையர் அதனைக் கறுப்பர் நகர் என்றனர். அதன் நடுவே பட்டணங்கோயில் எழுந்தது. சென்னகேசவப் பெருமாள் கோயிலுக்குக் கும்பினியாரின் வெடிமருந்து செய்வோனாகிய நாகபட்டன் என்பான் 1646இல் எழுதிக்கொடுத்த சாசனம் உண்டு. அதன் அயலே சென்ன மல்லீசர் பிரமராம்பிகையம்மையுடன் எழுந்தருளினார். இத்திருப்பெயர்கள் மூவர் பாடல்பெற்ற திருப்பருப்பதத்தை நினைப்பிக்கின்றன. குடியேறினோருள் தெலுங்கர் மிகுந்திருந்தமையின் இஃது இயல்பே.

அக்காலத்தில் வீதி என்பது பெரும் உரிமைப்பொருளாய் இருந்தது. எவ்வீதியில் எவர் மணவூர்வலம் செல்லலாம் என்பது பற்றி வலங்கையரும் இடங்கையரும் 1707இல் கலகம் விளைத்தனர். ஆளுநர் தாமஸ் பிட் வலங்கையர்க்குப் பெத்துநாயக்கன்பேட்டையையும் இடங்கையர்க்கு முத்தியாலுபேட்டையையும் வகுக்க முற்பட்டார். இவ்வாறு பூசலிட்டுக் காத்த வீதிகளுட் பல அரை நூற்றாண்டிற்குள் மண்ணோடு மண்ணாயின என்பது எண்ணத்தக்கது.

1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். மதிலருகே வீடுகள் நெருங்கியிருப்பின் பகைவர் அவற்றின் மறைவில் பீரங்கி நிறுத்துவர் என்றெண்ணி ஒரு பகுதியை இடித்தனர். 1749இல் நகரை மீளப்பெற்ற ஆங்கிலேயரும் அவ்வழியே சென்றனர். ஒருவரை ஒருவர் பகைத்தோர் இவ்வொன்றில் மட்டும் ஒத்த கருத்தினராயினர்! 1757இல் பட்டணங்கோயிலும் இடிபட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் லாலி முற்றுகையிட்டபொழுது கோட்டைக்கு வடக்கே வெளி விரிந்திருந்தது. 1759 பிப்ரவரியில் அவர் வறிதே மீண்டார். படைநூல் வல்லார் இடித்தது சரி என்பர். வழிபடுதெய்வத்தின் இல்லத்தையும் தம் இல்லத்தையும் ஒருங்கே இழந்தவர்க்கு அவ்விடை ஆறுதலாகாது.

மக்களின் மனக்கொதிப்பைக் கண்ட கும்பினியார் பெத்துநாயக்கன்பேட்டையில் பழைய அளவிற்கு ஒத்த, ஏறத்தாழ 24,000 சதுர அடி நிலம் அளித்தனர். ஆளுநர் பிகட்டின் துபாஷியாயிருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் தாமும் பெரும்பொருள் ஈந்து, பிறரிடத்தும் திரட்டித் திருப்பணியை நிறைவேற்றினார். அருணாசலக் கவிராயரின் இராமநாடகத்தைப் போற்றிய புரவலரும் இவரே. தமக்கு அரசினரிடமிருந்த செல்வாக்கை இங்ஙனம் பயன்படுத்திய துபாஷிகள் சிலரே.

வெறுவெளியில் மீண்டும் எவரும் வீடு கட்டாவண்ணம் ஆறு எல்லைத் தூண்கள் நாட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று 1773ஆம் ஆண்டைத் தாங்கிப் பாரிமுனையில் எஞ்சியுள்ளது. எல்லையைச் சொல்லும் அக்கல் வீதிகளைச் சொல்லவில்லை. அவ்வெளியில் 1892இல் உயர்நீதிமன்றக் கட்டடம் நிறைவுற்றது. பூக்கடைப் பகுதியில் சென்னகேசவரும் சென்ன மல்லீசரும் பழையபடியே அடுத்தடுத்து எழுந்தருளியிருக்க, நாள்வழிபாடு நடைபெற்று வருகின்றது.